அந்த நான்கு தறிகள் யாருடையவை

பயிற்சி முடிந்து நாளை மறுநாள் ஆளுக்கொரு டேப்லெட்டோடு சொத்துக் கணக்கெடுக்கத் தெருவில் இறங்கப்போகிறீர்கள். எந்தக் கட்டத்தில் எதை நிரப்புவது, எதை அழுத்தினால் அடுத்த பக்கம் வரும் என்பதையெல்லாம் இந்த மூன்று நாளில் கேட்டுக் கேட்டுக் காது புளித்திருக்கும். அதில் ஒன்றையும் நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. அந்த டேப்லெட் எனக்குக் கடைசிவரை சரியாகப் பிடிபடவும் இல்லை.

நேற்று டீ குடிக்கும்போது உங்களில் ஒரு பெண் என்னிடம் ஒன்று கேட்டாள். பணக்காரருக்கும் ஏழைக்கும் நடுவே இடைவெளி கூடிவிட்டது என்று ஒரு பத்திரிகை எழுதுகிறது, குறைந்துவிட்டது என்று இன்னொன்று எழுதுகிறது, இரண்டும் நம் கணக்கெடுப்பைத்தான் சாட்சிக்கு இழுக்கின்றன, எதை நம்புவது என்றாள். நான் மழுப்பிவிட்டேன். வீட்டுக்குப் போன பிறகு அது உறுத்தியது. முப்பது வருடத்துக்கு மேல் திருத்தணியில் முகாம் போட்டு, சுற்றுவட்டாரம் முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கியவள் நான். நானே மழுப்பினால் எப்படி? சதவீதங்களைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. பொதட்டூர்பேட்டையில் ஒரு வீட்டில் ஓடிக்கொண்டிருந்த நான்கு தறிகளைப் பற்றிச் சொல்லத் தெரியும். அந்தக் கணக்கில் தப்பு செய்தவள் நான்தான்.

அதற்கு முன் ஒரு விஷயம். சொத்துக் கணக்கெடுப்பில் எல்லோரும் குறைத்துத்தான் சொல்வார்கள் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். கே.ஜி.கண்டிகையில் ஒரு விவசாயி, நான் கேட்கக் கேட்க நிலத்தை ஏற்றிக்கொண்டே போனார். கிணறு இரண்டு என்றார், மாந்தோப்பு என்றார். எனக்கு ஒரே சந்தோஷம், இப்படி ஒரு நேர்மையான மனிதரா என்று. எழுந்து வெளியே வந்த பிறகுதான் அவருடைய மனைவி பின்னாலேயே வந்து மெதுவாகச் சொன்னார், உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் பையனுக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் என்று. மாந்தோப்பு அவருடைய தம்பியுடையது. நான் தலையில் அடித்துக்கொண்டு வேறொரு நாள் போய்த் திருத்திக்கொண்டு வந்தேன். அதில் யாருக்கும் நஷ்டம் இல்லை, இன்றைக்கும் நினைத்தால் சிரிப்பு வரும். இனிச் சொல்லப்போவதில் சிரிக்க எதுவும் இல்லை.

ஓய்வு பெறுவதற்குப் பத்து வருடம் முன்பு நடந்தது இது. அப்போது எல்லாம் காகிதப் படிவம்தான். பொதட்டூர்பேட்டையில் ஒரு தெருவைக் கொடுத்திருந்தார்கள். முறை உங்களுக்குத் தெரிந்ததுதான்: தெருவில் உள்ள எல்லா வீட்டையும் பட்டியல் போட்டு, அதிலிருந்து சில வீடுகளைக் குலுக்கிப் போட்டு எடுக்கிறோம். அப்படி வந்த ஒரு வீடு, தன்னைப் போன்ற எத்தனையோ ஆயிரம் வீடுகளுக்காகவும் சேர்த்துப் பேசுகிறது. சிக்கல் எங்கே என்றால், பெரிய வீடு குலுக்கலில் வந்தால் அது பேசாது. கேட்டுக்கு உள்ளேயிருந்தே ஐயா ஊரில் இல்லை என்று பதில் வரும். நான்கு முறை போய்ப் பார்த்துவிட்டு, விதிப்படி அதற்குப் பதிலாக வேறொரு வீட்டை எடுப்போம். அந்த மாற்று வீடு எப்போதும் கொஞ்சம் சின்ன வீடாகவே அமையும். மேலே இருப்பவர்கள் இப்படி ஒவ்வொருவராக நழுவிப் போனால், கீழே யாருக்கும் ஒரு காசு கூடாமலேயே தாளில் இடைவெளி குறைந்துவிடும். பல வருடமாக இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மூடிய கேட்டுகள் மேல் ஒரு கடுப்பு இருந்தது.

அந்தத் தெருவில் அதிசயமாக ஒரு பெரிய வீடு குலுக்கலில் வந்தது, கதவும் திறந்தது. அது ஒரு தறி முதலாளியின் வீடு. அதற்கு எட்டு வீடு தள்ளி தேவகியின் வீடும் வந்திருந்தது. தேவகிக்கு அப்போது நாற்பது வயதுக்குள் இருக்கும். கணவர் பெயர் தேசப்பன். வீட்டை ஒட்டி சிமென்ட் ஷீட் போட்ட கொட்டகை. அதில் நான்கு விசைத்தறிகள். தேசப்பன் கைலி நெய்துகொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் கத்திப் பேசினால்தான் காதில் விழும். தேவகி, குறுக்கே ஓடும் ஊடைக்கான நூலைச் சுற்றிக்கொண்டே எனக்குப் பதில் சொன்னார். மகள் திருத்தணியில் நர்சிங் சேர்ந்திருக்கிறாள் என்பதை மட்டும் நான் கேட்காமலேயே சொன்னார்.

தறி யாருடையது என்று கேட்டேன். எங்களுடையதுதான் என்றார். எழுதிக்கொண்டேன்.

முதலாளி வீட்டில் மோர் கொடுத்து உட்காரவைத்தார்கள். அறுபதைத் தொட்ட மனிதர், குரல் உயராது. வீடு, மனை, நிலம், கார் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். தறி எத்தனை என்று கேட்டேன்.

"தறியா? எங்க வூட்ல ஒண்ணும் இல்லீங்களே. வேணும்னா உள்ள வந்து பாத்துக்கோங்க" என்றார்.

உண்மைதான், அந்த வீட்டில் தறி இல்லை. அதையும் எழுதிக்கொண்டேன். ஆக, என் தாளின்படி தேவகியிடம் நான்கு இயந்திரங்கள், தறி முதலாளியிடம் ஒன்றுகூட இல்லை. இதைப் பார்த்ததும் எனக்கு உறைத்திருக்க வேண்டும். அன்றைக்கு வெயில், அடுத்த பேருந்தைப் பிடிக்கிற அவசரம், இரண்டு படிவம் முடிந்த திருப்தி. உறைக்கவில்லை.

எங்கள் மேற்பார்வையாளர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, விட்டுவிடுகிறேன். மற்ற மேற்பார்வையாளர்கள் படிவத்தில் கூட்டலைச் சரிபார்ப்பார்கள். இவர் அந்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்திருப்பவர் மாதிரி வரிவரியாகப் படிப்பார். தேவகியின் படிவத்தில் விரலை வைத்தபடி என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, நாலு தறி இருக்கிற வீடு. நூல் வாங்குன செலவும் இல்ல, தறிக்கு வாங்குன கடனும் இல்ல. தறி வானத்துலருந்து விழுந்துச்சா?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மறுபடி போய்க் கேட்டு வருகிறேன் என்று எழுந்தேன். அந்தக் கணக்கெடுப்புச் சுற்று முடிய மூன்று நாள்தான் இருந்தது. நடுவில் ஆடிக் கிருத்திகை வேறு. அந்த இரண்டு நாள் திருத்தணியில் காவடிக் கூட்டத்தைத் தாண்டி ஒரு பேருந்தும் ஒழுங்காக நகராது என்பது உங்களுக்குத் தெரியும். அவர் கதவு வரைக்கும் வந்தார்.

"அந்த வீட்டுல கேட்டதை அந்த வீட்டுலயே வெச்சிட்டு வந்துடுங்க" என்றார்.

ரகசியம் காப்பது பற்றி எல்லோரும் சொல்லும் வழக்கமான பேச்சு என்று நினைத்துத் தலையாட்டிவிட்டுக் கிளம்பினேன்.

தேவகி தனியாக இருந்தார். தறி நின்றிருந்தது, நெடுக்கு நூலான பாவு தீர்ந்துவிட்டது. இவ நைனா பாவு எடுக்கப் போயிருக்காரு என்று மகளைச் சொல்லிக் கணவரைக் குறிப்பிட்டார். சத்தம் இல்லாததால் அன்றைக்கு நாங்கள் சாதாரணக் குரலில் பேச முடிந்தது. நூலுக்கு எவ்வளவு செலவு என்று கேட்டேன், தெரியாது என்றார். தறி எப்போது வாங்கியது என்றேன், சுவரைப் பார்த்தார். நான் பேனாவை மூடி வைத்தேன். அதன் பிறகு அவரே சொன்னார்.

"தறி எங்களுது இல்ல மேடம். கரண்டு மீட்டர் மட்டும்தான் எங்க பேர்ல கீது. யார் வந்து கேட்டாலும் எங்களுதுன்னு மொதலாளி சொல்லச் சொல்லிகிறாரு. கூலிக்குத்தான் ஓட்டிகினு இருக்கோம்."

எட்டு வீடு தள்ளியிருந்த அதே முதலாளிதான் தன் தறிகளை நான்கு நான்காகப் பிரித்து வெவ்வேறு வீடுகளில் போட்டு வைத்திருந்தார். தறிக்கு அரசாங்கம் தரும் மின்சாரச் சலுகை இணைப்புக்கு இணைப்பு தனியாக வரும். எல்லாம் ஒரே கூரையின் கீழ், ஒரே பெயரில் இருந்தால் அவருக்கு அது நஷ்டம். பாவும் நூலும் அவர் கொடுப்பார், நெய்த கைலியை அவரே எடுத்துக்கொள்வார். அந்த ஊரில் இது தெரியாதவர்கள் இல்லை. வெளியிலிருந்து வந்து கேட்பவருக்கு மட்டும்தான் தெரியாது.

தேவகி என் கையிலிருந்த படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இது யாருக்காவது போகுமா என்று கேட்டார்.

"உங்க பேரே எங்கயும் வராதும்மா. நம்பர் மட்டும்தான் போகும்" என்றேன்.

"அவர் காதுக்குப் போச்சின்னா தறிய எடுத்துக்குவாரு. அப்புறம் இவ படிப்பு அவ்ளோதான்."

நான் சத்தியம் செய்யாத குறையாக உறுதி சொன்னேன். சொல்லும்போது மனதார நம்பித்தான் சொன்னேன். அவர் வீட்டுக் கணக்கில் நான்கு தறிகளை அடித்துவிட்டு வெளியே வந்தேன். அத்தோடு பேருந்து ஏறியிருந்தால் இன்றைக்கு உங்களிடம் சொல்ல எனக்குக் கதையே இல்லை.

ஆனால் முதலாளி வீட்டு வாசல் வழியாகத்தான் பேருந்து நிறுத்தத்துக்குப் போக வேண்டும். அவர் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மோர் கொடுத்து, மரியாதையாகப் பேசி, சொன்னதெல்லாம் பொய். பல வருடமாக மூடிய கேட்டுகள் முன்னால் நின்றவளுக்கு ஒரே ஒரு பெரிய வீடு திறந்தது, அதிலும் என்னை முட்டாளாக்கிவிட்டார். தேவகியின் வீட்டில் அடித்த நான்கு தறிகள் எங்காவது ஏறியாக வேண்டும் அல்லவா? அவை அவர் பெயரில் ஏறாவிட்டால் நாட்டுக் கணக்கிலிருந்தே மறைந்துவிடும். சுற்று முடிய நாள் இல்லை, நாளைக்குப் பேருந்து இல்லை. இதையெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு படியேறினேன். நியாயம் என் பக்கம் இருக்கிறது என்ற நினைப்பு ஒருவருக்கு வந்துவிட்டால் அவர் எவ்வளவு வேகமாக நடப்பார் என்பது எனக்கு அன்று தெரிந்தது.

மறுபடி கேட்டேன், உங்கள் தறி எங்கெல்லாம் ஓடுகிறது என்று. அது சரியான கேள்வி. முதல் நாளே அப்படித்தான் கேட்டிருக்க வேண்டும். அவர் சிரித்தபடி, அதான் சொன்னேனே, ஒன்றும் இல்லை என்றார். அதை எழுதிக்கொண்டு, மேலிடத்தில் பார்த்துக்கொள்ளட்டும் என்று படிவத்தின் ஓரத்தில் என் சந்தேகத்தைக் குறித்துவிட்டு வந்திருக்கலாம். அப்படிக் குறிக்கவென்று இடமே இருக்கிறது. நான் அதைச் செய்யவில்லை.

"மத்தவங்க வீட்ல இருந்தாலும் உங்க தறி உங்க கணக்குலதாங்க வரும். இந்தத் தெருவுலயே நாலு ஓடுதுன்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தெருவை ஒருமுறை பார்த்தார், நான் வந்த திசையை. பிறகு நிதானமாகச் சொன்னார்.

"ஆங், எழுதிக்கோங்க. மொத்தம் இருபத்தி நாலு."

வெவ்வேறு தெருக்களில் ஆறு வீடுகளில் இருபத்து நான்கு தறிகள். எழுதும்போது என் கை பறந்தது. பேருந்தில் நின்றுகொண்டே வந்தேன், களைப்பே தெரியவில்லை. என் வேலையில் இவ்வளவு சரியான ஒரு படிவத்தை நான் அதுவரை எழுதியதில்லை என்று நினைத்துக்கொண்டேன். அன்று எனக்கு ஏற்பட்டது வெறும் பெருமை. அதை மறைத்துச் சொல்ல இன்றைக்கு மனம் வரவில்லை.

மேற்பார்வையாளர் படிவத்தை வாங்கிப் பார்த்தார். முதலாளி எப்படி ஒத்துக்கொண்டார் என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் பாராட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, அந்தத் தெருவில் வேறு எத்தனை வீட்டில் நான்கு தறி இருக்கிறது என்று மட்டும் கேட்டார். வேறு வீடு இல்லை. அதைச் சொல்லும்போதுதான் நான் யாரைக் காட்டிக்கொடுத்திருக்கிறேன் என்பது எனக்குப் புரிந்தது.

கிருத்திகை முடிந்து பேருந்து ஓடத் தொடங்கிய அன்று காலையிலேயே போனேன். கொட்டகை காலியாக இருந்தது. தறி நின்ற இடங்களில் எண்ணெய்க் கறையும், போல்ட்டு பிடுங்கிய பள்ளமும் மட்டும் இருந்தன. தேசப்பன் மூட்டை தூக்க அரக்கோணத்துக்குப் போய்விட்டிருந்தார். தேவகி என்னை உட்காரச் சொல்லவில்லை. வையவும் இல்லை.

நான் வந்து போன அன்று சாயங்காலமே ஆட்கள் வந்துவிட்டார்கள், ஒரு வார்த்தை கேட்கவில்லை, கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்றார். உங்கள் பெயரை நான் சொல்லவில்லை என்றேன். அது உண்மை. அதைச் சொல்லும்போதே எனக்கு அருவருப்பாக இருந்தது.

"நான் உங்ககிட்ட பொய்யே சொல்லியிருக்கலாம் மேடம்" என்றார் தேவகி.

முதலாளியிடம் போய்க் கெஞ்சினேன். அவருக்கு யார்மேலும் கோபம் இல்லையாம், தறி வேறு இடத்தில் தேவைப்பட்டதாம். அதே தாழ்ந்த குரல், அதே மோர். மகளின் அந்த வருடக் கட்டணத்தை நான் கட்டுகிறேன் என்று தேவகியிடம் சொன்னபோது வேண்டாம் என்றார். இன்னொரு முறை கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. சில மாதம் கழித்துப் போனபோது வீடு பூட்டிக்கிடந்தது. நகரிப் பக்கம் யாரோ தறி ஓட்டக் கூப்பிட்டதாகவும், மகள் படிப்பை விட்டுவிட்டுக் கூடவே போய்விட்டதாகவும் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

அந்த இரண்டு படிவங்களையும் திரும்பக் கொடுங்கள், கிழித்துப் போடுகிறேன் என்று மேற்பார்வையாளரிடம் அழுதிருக்கிறேன். அவர் கொடுக்கவில்லை. கணக்கெடுப்புக்குக் குறித்த தேதியில் தறி யாருடையது என்பதுதான் கேள்வி, அதற்குப் பதில் சரியாக இருக்கிறது, சரியானதை அழிக்க உங்களுக்கு உரிமை கிடையாது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார். அந்த முதலாளி சொன்ன பொய்யை அப்படியே விட்டிருந்தால் நம் கணக்கில் ஒரு பிழை ஏறியிருக்கும், பிழை ஏறும் என்று தெரிந்துதான் மேலே இருப்பவர்கள் கணக்குப் போடுகிறார்கள், அந்தப் பிழையைத் தாங்க உங்களால் முடியவில்லை, அவ்வளவுதான் என்றார். வேலைக்கு வந்த நாளிலிருந்து நான் கேட்ட வார்த்தைகளில் இதுதான் எனக்கு அதிகம் வலித்தது. கடுமையாகக்கூட அவர் சொல்லவில்லை.

உங்களிடமும் அதைத்தான் சொல்கிறேன். பொய்யைக் கண்டுபிடிக்கிற மூக்கு உங்களுக்கு வரும், வந்தே ஆக வேண்டும். பொய்யோடு அலுவலகம் திரும்பவும் பழகிக்கொள்ளுங்கள். சந்தேகத்தை எழுதுங்கள், காரணத்தை எழுதுங்கள், மேலே இருப்பவர்கள் வேறு வழியில் சரிபார்க்கட்டும். ஒரு வீட்டில் கிடைத்த உண்மையை அடுத்த வீட்டுக் கதவைத் திறக்க எடுத்துக்கொண்டு போகாதீர்கள். இல்லாதவர்தான் நமக்கு நிஜத்தைச் சொல்வதால் எதையாவது இழக்கக்கூடியவர். இருப்பவருக்கு நாம் எழுதிக்கொண்டு போவதால் ஒரு மயிரிழை குறையாது.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், டேப்லெட் கையில் கொடுத்த புதிதில், பொதட்டூர்பேட்டையில் வேறொரு தெரு எனக்கு விழுந்தது. முதல் வீட்டில் நான்கு தறி. தறி யாருடையது என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். எங்களுதுதாங்க என்றார். நூல் செலவு கேட்டேன், தெரியவில்லை. தறிக்கடன் கேட்டேன், இல்லை. அடுத்த வீட்டிலும் அதுவே. மூன்றாவது வீட்டில் ஒருவர், நான் கேள்வியை முடிக்கும் முன்பே எழுந்து வந்தார்.

"தறி எங்களுதுதான். எல்லாமே எங்களுதுதான். எழுதிக்கினு போங்க."

யாரும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒரு மேடம் வந்தார், ஒருத்தி உண்மையைச் சொன்னாள், அன்று சாயங்காலமே தறி போய்விட்டது என்பது அந்த ஊரில் எல்லா வீட்டுக்கும் தெரிந்திருந்தது. நான் யாரையும் வற்புறுத்தவில்லை. ஓரத்தில் என் சந்தேகத்தைக் குறித்தேன், அவர்கள் சொன்னதை அப்படியே ஏற்றினேன். நான் கொடுத்த கணக்கின்படி அந்தத் தெருவில் முதலாளியும் இல்லை, கூலிக்கு ஓட்டுகிறவரும் இல்லை. எல்லோருக்கும் சொந்தத் தறி இருக்கிறது. அந்தச் சமத்துவத்தை உண்டாக்கியவள் நான்.